கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சொன்ன மகானுபாவர் என்னைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பார்த்திருந்தால் அந்தப் பழமொழியை அன்றே வாபஸ் வாங்கியிருப்பார். என் அகத்துக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் எழுந்தால் காரணமே இல்லாமல் வாயில் பாட்டு வரும். பழைய சோறும் ருசிக்கும். படுத்தால் ஐந்து நிமிடத்தில் உறக்கம். ஆனால் இருபத்திரண்டு வயதிலிருந்து என் இரண்டு கண்ணுக்குக் கீழும் ஒவ்வொரு பை தொங்கிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு இருந்தது, அவருடைய அக்காவுக்கும் இருந்தது. பரம்பரைச் சொத்து என்று எனக்கு வந்தது அது ஒன்றுதான்.

பார்க்கிறவர்களுக்கு நான் விடிய விடிய அழுதுவிட்டு அப்போதுதான் முகம் கழுவி வந்தவள் மாதிரி இருப்பேன். "என்னாச்சு?" என்று கேட்பார்கள். "ஒண்ணுமில்லையே" என்பேன். அந்த "ஒண்ணுமில்லை"யைக் கேட்டதும் அவர்கள் முகம் இன்னும் இளகிவிடும். எவ்வளவு வேதனை இருந்தால் ஒன்றுமில்லை என்று சொல்வாள் பாவம், என்று நினைத்துக்கொள்வார்கள். நான் சிரித்துக் காட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இந்த முகத்தோடு நான் உட்கார்ந்திருந்த இடமும் அப்படி. கொச்சி மட்டாஞ்சேரியில் மாநகராட்சியின் வட்டார அலுவலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவு ஜன்னல். தென்காசிப் பக்கத்திலிருந்து துப்புரவு வேலைக்கு வந்தவர்கள் என் தாத்தா காலத்து ஆட்கள். அப்பாவும் அதே வேலை. நான் பரீட்சை எழுதி குமாஸ்தா ஆனேன். இறப்பைப் பதிய வருகிறவர்களுக்கு என்னை மிகவும் பிடிக்கும். ஒரு பெரியவர் தம்பியின் மரணத்தைப் பதிய வந்து, படிவத்தை நீட்டியபடியே என் முகத்தைப் பார்த்து, "மோளே, நீ அவனெ அறியுமோ?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அறியும் என்று தலையாட்டினேன். அவர் அரை மணி நேரம் தம்பியைப் பற்றிப் பேசினார், நானும் கேட்டேன்.

இந்தப் பைகளால் அதிகம் கெட்டது என் வீட்டுக்காரர் பெயர். அவர் தோப்பும்படியில் ஐஸ் பிளான்டில் மெக்கானிக். சத்தமாகத் தும்மக்கூடத் தெரியாத மனிதர். கல்யாணமாகி ஆறு மாதத்திலேயே சந்துக்காரிகள் அவரை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கோயில் திருவிழாவில் என் சித்தி ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளக் கண்கலங்காமப் பாத்துக்கப்பா, தாயில்லாப் பிள்ளை" என்றாள். அவர் "சரி சித்தி" என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். எங்கள் வீட்டில் அது முப்பது வருடத் தமாஷ். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது ஐம்பத்து மூன்றாவது வயதில். ஒரு நாள் ஓர் இளம் அப்பன் முதல் குழந்தையின் பிறப்பைப் பதிய வந்தான். கையில் லட்டுப் பெட்டி வேறு. ஜன்னலில் குனிந்து என்னைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே அணைந்தது. லட்டுப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சேச்சி, நான் நாளைக்கு வரட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டான். துக்க வீட்டில் இனிப்பு நீட்டக் கூடாது என்கிற மரியாதை. பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் அன்று காலையிலிருந்து நான் அவ்வளவு குஷியாக இருந்தேன். மகள் பெங்களூரிலிருந்து லீவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தையும் காட்ட முடியவில்லை, அவனுக்கு வந்த சந்தோஷத்தையும் கெடுத்துவிட்டேன். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பதிவு செய்து லட்டையும் வாங்கித் தின்றேன். தின்னும்போதே முடிவு செய்துவிட்டேன், இந்தப் பைகளைக் கழற்றிவிடுவது என்று.

முடிவு செய்தது ஒரு லட்டு நேரத்தில். ஆஸ்பத்திரிப் படி ஏற இரண்டு மாதம் ஆனது. வெட்கம்தான் காரணம். எங்கள் சந்தில் ஆபரேஷனுக்கு ஒரு மரியாதை உண்டு. கர்ப்பப்பை எடுத்தவளைப் பார்க்க ஆரஞ்சோடு வருவார்கள். பித்தப்பை எடுத்தவள் அதிலிருந்து வந்த கல்லைக் குப்பியில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே இருந்த பையை எடுத்தவளுக்கு என்ன மரியாதை கிடைக்கும்? இந்த வயசில் யாருக்குக் காட்ட, என்பார்கள். வளையலுக்கு என்று சேர்த்து வைத்ததை இதற்கு எடுப்பதாக முடிவானது. போனில் மகள், "செய்யும்மா, உன் மூஞ்சிதானே" என்றாள். வீட்டுக்காரரிடம் நான் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "வலிக்குமா?"

எறணாகுளத்தில் ஒரு மருத்துவமனை. டாக்டர் சின்னப் பெண், என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். கண்ணாடியை என் கையில் கொடுத்து விளக்கினாள். கண்ணைச் சுற்றி எல்லோருக்கும் கொஞ்சம் கொழுப்பு உண்டாம். அதைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய திரை தளர்ந்தால் அது முன்னால் தள்ளிக்கொண்டு வருமாம். சிலருக்குக் குடும்பவாட்டில் சீக்கிரமே வரும். "உறக்கத்துக்கும் அழுகைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றாள். அதை மட்டும் லெட்டர்பேடில் எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லி சந்து முனையில் ஒட்டியிருக்க வேண்டும் நான்.

"எதுக்காக செய்யணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாள். தலைவலி, பார்வை மங்கல் என்று கௌரவமாக நாலு காரணம் தயாரித்துக் கொண்டு போயிருந்தேன். வாயைத் திறந்தால் உண்மைதான் வந்தது. "எனக்கு சந்தோஷமா இருக்கு டாக்டர். அது வெளிய தெரியமாட்டேங்குது." அவள் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரரிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "முடிஞ்சப்புறமும் பாத்தா இவளாத்தானே இருப்பா?" என்றார். "இவங்களாத்தான் இருப்பாங்க. ஒரு மாசம் லீவு எடுத்து ஊருக்குப் போயிட்டு வந்த மாதிரி இருப்பாங்க" என்றாள் டாக்டர். அவருக்கு அது திருப்தியாக இருந்தது.

காரில் திரும்பும்போது அவரிடம் சத்தியம் வாங்கினேன். "ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது. சந்துல, பிளான்டுல, வாயனசாலையில, யாருகிட்டயும்." எங்கள் சந்து முனையில் இருக்கும் வாசகசாலையைத்தான் எல்லோரும் வாயனசாலை என்போம். அங்கே புத்தகம் வாசிக்கிறவர்கள் மூன்று பேர், கேரம் ஆடுகிறவர்கள் பத்துப் பேர். அவர் அந்தப் பத்தில் ஒருவர். மழையோ வெயிலோ, வேலை முடிந்து வந்து குளித்ததும் அங்கேதான். "சொல்லமாட்டேன்" என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். ஊசி போட்ட இடம் சுருக்கென்றது, அப்புறம் யாரோ என் முகத்தில் கோலம் போடுகிற மாதிரி மட்டும் தெரிந்தது. சாயந்திரமே வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு நாள் குளிர் ஒத்தடம் கொடுக்கணும், ஃப்ரிட்ஜில் நாலு ஐஸ் கட்டி இருந்தால் போதும் என்றிருந்தாள் டாக்டர். ஐஸ் விஷயத்தில் என் வீட்டுக்காரருக்கு நாலு கட்டி என்கிற கணக்கே கிடையாது. மறுநாள் விடிந்ததும் ஸ்கூட்டரில் ஒரு தெர்மாக்கோல் மீன் பெட்டி நிறைய நொறுக்கிய ஐஸ் வந்து இறங்கியது. நாற்பது கிலோ நெய்மீனை மூடலாம். "என்ன, என்னை ஏத்துமதி பண்ணப் போறீங்களா?" என்றேன். சிரித்தால் தையல் இழுத்தது. அவர் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, துணியில் ஐஸை மடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் வைப்பார், பத்து நிமிடம் எடுப்பார். மறுநாளும் ஒரு பெட்டி வந்தது.

அந்த வியாழக்கிழமை கண்ணாடியில் பார்த்தேன். கத்திரிக்காய் நிறத்தில் இரண்டு கண்ணும். இதெல்லாம் வற்றிவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் எனக்குப் பயமில்லை. அந்த வீக்கத்துக்கு நடுவிலும் பை போயிருந்தது எனக்குத் தெரிந்தது. கொல்லையில் துணி எடுக்கப் போனேன். போட்டிருந்த கறுப்புக் கண்ணாடி வியர்த்து வழுக்கியது, ஒரு நிமிடம் கழற்றினேன். கழற்றிய அந்த நிமிடத்தில் மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுச் சேச்சியின் தலை.

சேச்சி அங்கன்வாடியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சந்துப் பெண்களின் அயல்கூட்டம் என்கிற சுய உதவிக் குழுவுக்கு அவர்தான் தலைவி. ஞாயிறுதோறும் முறை வைத்து ஒவ்வொரு வீட்டில் கூடுவோம், நானும் அங்கத்தினர். எங்களோடு பேசும்போது பாதி தமிழ், பாதி மலையாளம்.

"எடி, எந்தா இது?"

கேட்ட மாத்திரத்தில் என் மூளை வேலை செய்யவில்லை. கண்புரை ஆபரேஷன் என்று சொல்லலாம் என்றால் சேச்சிக்கே போன வருடம் அது நடந்தது, குறுக்கு விசாரணை செய்துவிடுவார். "கதவு இடிச்சிருச்சு சேச்சி" என்றேன்.

"ரெண்டு கண்ணிலயுமா?"

"ரெண்டு தடவை இடிச்சிருச்சு."

சேச்சி என் பின்னால், சமையலறை வாசலில், கையில் ஐஸ் துணியோடு நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். தலை மதிலுக்குக் கீழே இறங்கியது. தப்பித்தேன் என்று நினைத்தேன். அடிபட்ட பெண்கள் எல்லோரும் சொல்லும் கதவுக் கதையையே நானும் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. வெறும் வாயை மெல்லும் சந்துக்கு அவலை நானே அள்ளிக் கொடுத்துவிட்டு, துணியை மடித்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் வேலைக்குப் போய் வந்து குளித்தார். வாயனசாலைக்குப் போகவில்லை. "முட்டு வலிக்குது" என்றார். சனிக்கிழமையும் முட்டு வலித்தது. முனைக் கடையில் குடிக்கும் சாயாவையும் வீட்டிலேயே போட்டுக் குடித்தார். எனக்கோ கொண்டாட்டமாக இருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் வாசித்துக் காட்டினார், மருந்துச் சொட்டு விட்டார், மகளோடு வீடியோவில் பேசும்போது போனைப் பிடித்துக்கொண்டார். முட்டு இன்னும் நாலு நாள் வலித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். இப்போது அதை எழுதவே கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வாசலில் பதினொரு பெண்கள் நின்றார்கள். அந்த வாரம் முறை எங்கள் வீடு இல்லை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து ஃபேனைப் போட்டார், தண்ணீர் கொண்டு வந்தார். ஒருத்தரும் தம்ளரைத் தொடவில்லை. சேச்சி அவர் முகத்தைப் பார்க்காமல், "சேட்டன் கொறச்சு வெளிய நிக்கணும்" என்றார். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். போய் வெயிலில் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

வழக்கம்போல முதலில் பிரார்த்தனைப் பாட்டு. பதினொரு பேரும் என்னையே பார்த்துக்கொண்டு பாடினார்கள். பிறகு சேச்சி கூட்டப் புத்தகத்தைத் திறந்து தேதி போட்டு, "அவசர யோகம். விஷயம்: அங்கத்தினரின் பாதுகாப்பு" என்று வாசித்தார். யோகம் என்றால் மலையாளத்தில் கூட்டம்.

"எடி, நீ பேசண்டாம். நாங்க பேசறோம்" என்றார். "முப்பது வருஷமா பாக்கறோம். தினமும் நீ அழுத கண்ணோட வேலைக்குப் போறதைப் பாத்துட்டு சும்மா இருந்தோம். அது எங்க தப்பு. இனி இல்ல. இனி அந்த ஆளு உன் மேல கை வச்சா இந்தப் பதினோரு பேரையும் தாண்டித்தான் வைக்கணும். எங்க வீட்டு ஆம்பளைங்ககிட்டயும் சொல்லியாச்சு. வாயனசாலைல யாரும் அவரோட ஆடறதில்ல, பேசறதில்ல. சாயாக் கடையிலயும் சொல்லியாச்சு."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் பொங்கியது. வயிற்றிலிருந்து கிளம்பி தொண்டைவரை வந்துவிட்டது. அப்போதுதான் முட்டு வலி ஞாபகம் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமாக இருந்த சீட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். சந்தில் போகிறவர்கள் அவரைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலப் போனார்கள். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

எழுந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன்.

"என்னை யாரும் அடிக்கல. எந்தக் காலத்திலயும் அடிச்சதில்ல. நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். கண்ணுக்குக் கீழ பை இருந்துதில்ல, அதை எடுத்தேன். அழகா இருக்கணும்னு எடுத்தேன்."



"அழகுக்கா?" என்றார் சேச்சி.

"அழகுக்கு."

ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். சேச்சி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அங்கன்வாடிக் குழந்தையின் உடல் எடையைச் சரிபார்ப்பதுபோல வரி வரியாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். விரலால் தொடாமல் தையலைப் பார்த்தார். மூலையில் ஒருத்தி களுக்கென்றாள். அவ்வளவுதான், பதினொரு பேரும் சிரித்துத் தீர்த்தார்கள். பித்தப்பைக் கல்லை வைத்திருப்பவள் கண்ணீர் வழியச் சிரித்தாள். அப்புறம் கேள்விகள்: வலித்ததா, வடு இருக்குமா, இரட்டை நாடிக்கும் அந்த டாக்டர் பார்ப்பாளா. இந்த வயசில் யாருக்குக் காட்ட என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நான் இரண்டு மாதமாகப் பயந்து நடுங்கியது அந்தக் கேள்விக்குத்தான்.

அவர்கள் வந்ததை நான் தமாஷாக மட்டும் சொல்லிவிட முடியாது. எனக்கு ஒன்று என்றால் நாற்காலியோடு வந்து நிற்க பதினொரு பேர் இருக்கிறார்கள். அது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்தது. சேச்சி புத்தகத்தில் எழுதியதை அடிக்கக் கூடாது என்பதால், கீழே "விசாரித்ததில் அங்கத்தினர் நலம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். பிறகு வெளியே போய் அவர் முன்னால் நின்று, "சேட்டா, க்ஷமிக்கணும்" என்றார். இவர், "சாரமில்ல சேச்சி, பரவால்ல. சாயா எடுக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தார். இந்த முறை எல்லோரும் குடித்தார்கள்.

அவர்கள் போனதும் கேட்டேன். "ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ சொல்லக் கூடாதுன்னியே."

"அதுக்காக? ஊரே ஒதுக்கி வச்சிருக்கு."

அவர் தம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். "முப்பது வருஷமா அப்படித்தானேடி பாக்கறாங்க. எனக்குப் பழகிப்போச்சு. நாலு நாள் கூட இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருடம் நான் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவரும் கூடவே சிரித்தார், நான் சிரித்ததால் சிரித்தார். கல்யாணப் பந்தியில், மருத்துவமனை வரிசையில், மகளின் பள்ளிக்கூட வாசலில் என்று போன இடமெல்லாம் பெண்டாட்டியை அழ வைக்கிறவன் என்கிற பார்வையைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். என் கண்ணுக்குக் கீழே இருந்ததை நான் தினமும் கண்ணாடியில் பார்த்தேன். அவர் படுவதை ஒரு நாளும் பார்க்கவில்லை.

"சட்டையை மாத்துங்க" என்றேன். "வாயனசாலைக்குப் போகலாம்."

"நீ எதுக்கு? வெயிலு. கண்ணாடியப் போட்டுக்கோ."

நான் போட்டுக்கொள்ளவில்லை. கத்திரிக்காய்க் கண்ணோடு அவர் பக்கத்தில் சந்து முழுக்க நடந்தேன். கேரம் பலகையைச் சுற்றி ஆறேழு பேர் இருந்தார்கள். எங்களைக் கண்டதும் எல்லோரும் பலகையிலேயே கண்ணை வைத்துக்கொண்டார்கள். அந்தக் கூடத்துக்குள் பெண்கள் போய் நின்று நான் பார்த்ததில்லை. விளக்குக்கு நேர் கீழே போய் நின்று முகத்தைத் தூக்கினேன். "நல்லாப் பாத்துக்கங்க. இது யாரும் அடிச்சதில்ல. அழகுக்காக நானே வெட்டிக்கிட்டது. இவரு ரெண்டு நாள் லீவு போட்டு எனக்கு ஐஸ் வச்சுட்டு இருந்தாரு. நான் சொல்லக் கூடாதுன்னதால உங்ககிட்ட வாயைத் திறக்கல."  

ஒருவர் மெதுவாக நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். இன்னொருவர் காய்களைக் கலைத்துப் புதிதாக அடுக்கி, ஸ்ட்ரைக்கரை அவர் பக்கம் தள்ளினார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன், ஆட்டம் முடியாமல் எழுந்திருப்பதில்லை என்று. அவர் அந்தக் கூடத்தில் நல்ல ஆட்டக்காரர் என்று பெயர். அன்று மூன்று ஆட்டமும் தோற்றார். கண்ணுக்கு நேராக, குழி ஓரத்தில் இருந்த சிவப்புக் காயைக்கூட விட்டுவிட்டார்.

திரும்பி வரும்போது, "என்னங்க, இவ்வளவு மோசமாவா ஆடுவீங்க?" என்றேன்.

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காயே தெரியலடி" என்றார். "கண்ணு நெறஞ்சு போச்சு."